‘லெண்ட்’டும் ‘பாரோ’வும்: சிரித்தவர்களில் நானும் ஒருவன்

ஒரு சிரிப்பில் இருந்து தொடங்குகிறேன். அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் எழுத்தராக வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு ஒரு பெரியவர் வந்தார். அறுபதைத் தாண்டிய வயசு. தோளில் கிடந்த துண்டை வாசலிலேயே எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. சொல்லாமலே எடுக்க வைத்திருக்கிறது இந்த ஊர். ரெண்டு கறவை மாடு வாங்கக் கடன் வேணும் என்றார். சட்டைப்பையில் நாலாக மடித்து வைத்திருந்த தாளை நீட்டினார். கல்லூரியில் படிக்கிற பேரன் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த கடிதம். முதல் வரி இப்படி: ‘ஐ வாண்ட் டு லெண்ட் ஒன் லாக் ருப்பீஸ் ஃப்ரம் யுவர் பேங்க்.’

கடன் பிரிவு அதிகாரி அதைச் சத்தம் போட்டுப் படித்தார். ‘பெரியவர் நம்ம பேங்குக்கே கடன் குடுக்க வந்திருக்காரு, சேர் எடுத்துப் போடுங்கப்பா’ என்றார். கவுண்டரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெரியவருக்கு விஷயம் புரியவில்லை. சிரிப்பு புரிந்தது. சிரிப்பைப் புரிந்துகொள்ள நம்ம சனங்களுக்கு எந்த மொழியும் வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பழக்கம். என் பக்கம் திரும்பி, ‘ஏந்தம்பி, பையன் தப்பா எழுதிட்டானா?’ என்று மெதுவாகக் கேட்டார். ‘ஒண்ணுமில்லீங்கய்யா, சின்னத் தப்புதான்’ என்றேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

தோழர்களே, அந்தச் ‘சின்னத் தப்பு’ என்ன என்று பார்ப்போம்.

‘லெண்ட்’ என்றால் கடன் கொடுப்பது. ‘பாரோ’ என்றால் கடன் வாங்குவது. தமிழில் ‘கடன்’ என்கிற பெயர் நடுவில் அசையாமல் நிற்கிறது. கை எந்தப் பக்கம் நீளுகிறது என்பதைக் ‘கொடு’, ‘வாங்கு’ என்கிற வினைகள் காட்டிவிடும். இங்கிலீஷில் பொருளும் திசையும் ஒரே சொல்லுக்குள் ஒட்டிக் கிடக்கின்றன. பேரன் ‘கடன்’ என்பதற்கு ஒரு வினையைத் தேடினான். கைக்கு முதலில் அகப்பட்டதை எடுத்துப் போட்டான். திசை மாறிப்போனது. பற்றுப் பக்கம் எழுத வேண்டியதை வரவுப் பக்கம் எழுதிவிட்ட தப்பு. எங்கள் வங்கியில் படித்த பெரிய மனிதர்கள் தினமும் செய்துவிட்டு, சாயங்காலம் உட்கார்ந்து திருத்துகிற அதே தப்பு.

ஜெர்மன் மொழியில் ‘லைஹன்’ என்ற ஒரே வினை கொடுப்பதற்கும் ஆகும், வாங்குவதற்கும் ஆகும். சீன மொழியில் ‘ஜியே’ என்ற சொல்லும் அப்படித்தான். அதனால் இங்கிலீஷ் படிக்கிற ஜெர்மன்காரனும் சீனாக்காரனும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறான். அவன் விழுந்தால் ‘தாய்மொழித் தாக்கம்’ என்று மொழியியல் எழுதுவார்கள். நம்ம பையன் விழுந்தால் ‘தற்குறி’ என்பார்கள்.

இது எனக்குப் புதிதில்லை. எங்கள் தெருவில் இருந்து பட்டம் வாங்கியவர்களில் நான் இரண்டாமவன். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் ஒவ்வொருவராக எழுந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். நான் எழுந்து, ‘ஐ பாட் ஃபர்ஸ்ட் மார்க் இன் மை ஸ்கூல்’ என்றேன். பள்ளியில் முதல் மார்க் வாங்கினேன் என்று சொல்ல வந்தேன். ‘பாட்’ என்றால் காசு கொடுத்து வாங்குவது. பின் பெஞ்சில் ஒருவன், ‘எவ்வளவுக்குடா வாங்குனே?’ என்றான். இன்னொருவன், ‘அவங்களுக்கெல்லாம் ஃப்ரீதான்டா’ என்றான். வகுப்பே சிரித்தது. ஒரு வினைச்சொல்லைத் தப்பாகப் போட்டதற்கு என் சாதியைச் சொல்லிக் காட்டினார்கள். அதற்கப்புறம் மூன்று வருசம் அந்த வகுப்பில் நான் வாயைத் திறக்கவில்லை. கவிதை எழுத ஆரம்பித்தது அந்த வருசங்களில்தான். வாயை மூடினவனுக்கு வேறென்ன வழி?

அந்த ‘வாங்கு’ என்ற சொல்லை இப்போது கையில் எடுத்துப் பாருங்கள். கடையில் அரிசி வாங்குகிறோம், அது ‘பை’. சம்பளம் வாங்குகிறோம், ‘கெட்’ அல்லது ‘ரிசீவ்’. மார்க் வாங்குகிறோம், ‘கெட்’, ‘ஸ்கோர்’. கடன் வாங்குகிறோம், ‘பாரோ’. திட்டு வாங்குகிறோம், அடி வாங்குகிறோம். இதற்கெல்லாம் இங்கிலீஷில் தனித்தனி ஏற்பாடு. தமிழன் ஒரு சாவியால் ஏழு பூட்டைத் திறக்கிறான். இங்கிலீஷ்காரன் ஏழு பூட்டுக்கு ஏழு சாவி வைத்திருக்கிறான். எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று யாராவது உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மெட்ரிக் படித்தவன் வீட்டில் அப்பனும் ஆத்தாளும் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நமக்கு அகராதிதான் அப்பன். அது ஒரு சொல்லுக்கு எதிரே ஆறு சொல்லைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

‘வாங்கு’ மாதிரியே இன்னும் இரண்டு வினைகள் நம்ம பிள்ளைகளைக் கவிழ்க்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் தெரு சமுதாயக்கூடத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே கண்டது இது.

முதலாவது ‘கேள்’. தமிழில் காது செய்கிற வேலையும் கேட்பது, வாய் செய்கிற வேலையும் கேட்பது. சத்தம் தானாக வந்து காதில் விழுந்தால் இங்கிலீஷில் ‘ஹியர்’. மனசு வைத்துக் காது கொடுத்தால் ‘லிஸன்’. அதற்குப் பின்னால் ‘டு’ வேண்டும். வாய் திறந்து வினவினால் ‘ஆஸ்க்’. அதற்குப் பின்னால் ‘டு’ வேண்டாம், நேராக ஆளைச் சொல்ல வேண்டும். ‘ஆஸ்க் மீ’. ஒரு பையன் எழுதினான்: ‘ஐ ஹியர்ட் எ டவுட் டு மை டீச்சர்’. டீச்சரிடம் சந்தேகம் கேட்டேன் என்கிறான்.

சிரிக்க வேண்டாம், தோழர்களே. இந்த மண்ணில் ‘கேள்’ என்ற வினையின் வரலாறு என்ன? காதால் கேட்பது நமக்கு, வாயால் கேட்பது அவர்களுக்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள். ‘சொன்னதக் கேளுடா’ என்பது கட்டளை. ‘என்னடா எதுத்துக் கேக்குற’ என்பது மிரட்டல். காதுக்கும்கூட முழு உரிமை இல்லை. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்ம சூத்திரம். சூத்திரனுக்கே அது என்றால் அவனுக்கும் கீழே வைக்கப்பட்டவனுக்கு என்ன? ‘ஹியர்’ என்பதற்கே தண்டனை இருந்த நாட்டில், ‘ஆஸ்க்’ என்கிற வினையை முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளை எழுதப் பழகுகிறான். தடுமாறாமல் என்ன செய்வான்? தடுமாறட்டும். ஆனால் கேட்கட்டும்.

இரண்டாவது ‘விடு’. எங்கள் வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி, கல்லூரியில் தந்த கட்டுரைப் பயிற்சிக்குத் தன் பாட்டியின் ஊரைப் பற்றி எழுதினாள். அதில் ஒரு வரி: ‘தே டிட் நாட் லீவ் அஸ் இன்சைட் த டெம்பிள்’. கோயிலுக்குள்ள விடல என்பதைத்தான் எழுதியிருக்கிறாள். பேராசிரியர் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, ‘மீனிங்லெஸ்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அர்த்தமற்றதாம்.

தமிழில் ‘விடு’ பெரிய குடும்பம். உள்ளே விடுவது ‘லெட்’. பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுவது ‘ட்ராப்’. ஊரை விட்டுப் போவது ‘லீவ்’. பீடியை விடுவது ‘கிவ் அப்’. பிடித்தவனை விடுவது ‘ரிலீஸ்’. அவள் ‘லெட்’ என்று போட வேண்டிய இடத்தில் ‘லீவ்’ என்று போட்டாள். ‘தே டிட் நாட் லெட் அஸ் என்டர் த டெம்பிள்’ என்று இருந்திருக்க வேண்டும். ‘லெட்’டுக்குப் பின்னால் ‘டு’ வராது. ‘அலவ்’ போட்டால் ‘அலவ் அஸ் டு என்டர்’ என்று ‘டு’ வரும். இவ்வளவுதான் இலக்கணம். ஐந்து நிமிசப் பாடம். அந்தப் பேராசிரியர் அந்த ஐந்து நிமிசத்தைக் கொடுக்கவில்லை. அவர் கண்ணுக்கு வினைச்சொல் தெரிந்தது. பூட்டிய கோயில் கதவு தெரியவில்லை. அர்த்தம் இல்லாமல் போனது அவள் வாக்கியத்தில் அல்ல.

பாடத்தை முடித்த பிறகு அவளே ஒரு கேள்வி கேட்டாள். ‘அண்ணா, ரெண்டு வாக்கியத்துலயும் எழுவாய் அவங்கதானே? நாம உள்ள போனா அதுக்கு என்ன வினை?’ எனக்கு உடம்பு சிலிர்த்தது. 2023 ஜனவரி 30ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள், பல பத்தாண்டுகளாக மறுக்கப்பட்டிருந்த நம் மக்கள், மாவட்ட நிர்வாகமும் போலீசும் கூட வர, பொங்கல் பானையோடு போனார்கள். இப்படிப்பட்ட செய்திகளில் வழக்கமாக வருகிற வினை ‘அனுமதிக்கப்பட்டனர்’. ‘வேர் அலவ்ட்’. எவனோ விட்டான், இவர்கள் போனார்கள் என்கிற தொனி. அவளிடம் சொன்னேன்: ‘என்டர்’. வி என்டர்ட். நுழைந்தோம். நடுவில் எவனும் இல்லை.

இன்னொரு வகைத் தப்பு உண்டு. அதில் நமக்குத்தான் அனுகூலம், ஆனால் அது நமக்கே தெரியாது. ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ குழப்பத்தைச் சொல்கிறேன். சூரியன் தானே எழுகிறது, ‘ரைஸ்’. கையை நாம் உயர்த்துகிறோம், ‘ரெய்ஸ்’. தேர்வில் இதைத் தப்பாகப் போடாத பையன் இல்லை. ஆனால் இது தமிழில் நாம் பால் குடிக்கும்போதே படித்த பாடம். எழு, எழுப்பு. உயர், உயர்த்து. அடங்கு, அடக்கு. திருந்து, திருத்து. தன்வினை, பிறவினை. தமிழில் நூற்றுக்கணக்கான வினைகள் இப்படி ஜோடி ஜோடியாக நிற்கின்றன. இங்கிலீஷில் ‘ரைஸ் – ரெய்ஸ்’, ‘லை – லே’, ‘ஃபால் – ஃபெல்’, ‘ஸிட் – ஸெட்’ என்று விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் மிச்சம். நம்மிடம் நிறைய இருப்பதைக் கொண்டு அவர்களிடம் கொஞ்சமாக இருப்பதைச் சொல்லிக் கொடுத்தால் ஒரே நாளில் விளங்கும். நம் பள்ளிகளில் அப்படிச் சொல்லிக் கொடுப்பதில்லை. இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் வாயில் வந்தால் அபராதம் போடுகிற பள்ளிகள் இருக்கின்றன.

நமக்கு இந்தத் தன்வினை, பிறவினை வித்தியாசம் வெறும் மார்க் அல்ல. ‘தாழ்ந்த சாதி’ என்பதற்கும் ‘தாழ்த்தப்பட்ட சாதி’ என்பதற்கும் என்ன வித்தியாசம்? தாழ் என்பது தன்வினை: அவனே தாழ்ந்து கிடக்கிறான், யாரும் பொறுப்பில்லை. தாழ்த்து என்பது பிறவினை: எவனோ தாழ்த்தினான், அவனைத் தேடு, கணக்குக் கேள். ‘டிப்ரெஸ்ட் கிளாஸஸ்’ என்று வெள்ளைக்காரன் ஆவணத்தில் இருந்ததும் செயப்பாட்டு வினைதான். ‘தலித்’ என்ற சொல்லுக்கே நொறுக்கப்பட்டவர், நசுக்கப்பட்டவர் என்றுதான் பொருள். நம் அரசியல் முழுவதும் ஒரு இலக்கண வித்தியாசத்தின் மேல் நிற்கிறது. அதைப் புரிந்த பிள்ளைக்கு ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ ஒரு பொருட்டா? வி ரைஸ்: எழுகிறோம். எவனும் நம்மை ‘ரெய்ஸ்’ பண்ண வேண்டாம்.

‘லை’, ‘லே’ கொஞ்சம் வம்பானது. படுத்துக்கொள்வது ‘லை’, அதன் இறந்தகாலம் ‘லே’, பிறகு ‘லெய்ன்’. ஒன்றைக் கிடத்துவது ‘லே’. அதன் இறந்தகாலம் ‘லெய்ட்’, ‘லெய்ட்’. பொய் சொல்வதும் ‘லை’. அது ‘லைட்’, ‘லைட்’ என்று போகும். முதல் வினையின் இறந்தகாலமும் இரண்டாம் வினையின் நிகழ்காலமும் ஒரே உருவம். இந்தப் பொறியில் இங்கிலீஷையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் பல நூறு வருசமாக விழுந்துகொண்டிருக்கிறார்கள். பாப் டிலன் 1969இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாட்டுக்குப் பேரே ‘லே லேடி லே’. இலக்கண வாத்தியார் கணக்கில் அது தப்பு. ‘லை’ என்று இருக்க வேண்டும். 2016இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். யாரும் அடிக்கோடு போட்டு ‘மீனிங்லெஸ்’ என்று எழுதவில்லை.

‘டீச்’, ‘லேர்ன்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஹி லேர்ன்ட் மீ இங்கிலீஷ்’ என்று எழுதினால் இன்று தப்பு. கற்றுக்கொள்வது ‘லேர்ன்’, கற்றுக்கொடுப்பது ‘டீச்’. பழைய இங்கிலீஷ்காரன் ‘லேர்ன்’ என்பதையே இரண்டுக்கும் வைத்துப் பேசியிருக்கிறான். ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தில் தீவின் மண்ணுக்குரிய காலிபன், தன்னை அடிமையாக்கிய எஜமானனுக்கு முன்னால் நின்று, எனக்கு உன் மொழியைக் கற்றுக்கொடுத்ததற்கு நீ நாசமாய்ப் போ என்கிற பொருளில் சபிக்கிறான். அந்த இடத்தில் கற்றுக்கொடுத்தல் என்பதற்கு அவன் வாயில் வருவது ‘லேர்ன்’தான். எஜமானன் மொழியில் அடிமை பேசுகிற அந்த வினையை நம்ம பையன் தேர்வில் எழுதினால் மார்க் போகும். ஆக, தப்பு என்பது மொழியில் மட்டும் இல்லை. யார் பேசுகிறான், எந்தக் காலத்தில் பேசுகிறான், எதிரே யார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்பதில் இருக்கிறது.

எங்கள் வங்கியில் மேலிடத்தில் இருந்து வருகிற சுற்றறிக்கைகளில் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று இருக்கும். ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால் ‘அபவுட்’ வராது. ‘ரிடர்ன் பேக்’ என்று இருக்கும். ‘ரிடர்ன்’ என்றாலே திருப்புவதுதான், ‘பேக்’ எதற்கு? யாரும் சத்தம் போட்டுப் படித்துச் சிரித்து நான் பார்த்ததில்லை. மேலிருந்து வருகிற தப்பு நடைமுறை. கீழிருந்து போகிற தப்பு தற்குறித்தனம்.

இதைப் படித்துவிட்டுச் சில தோழர்கள், ‘அப்புறம் எதுக்கு இந்த இங்கிலீஷ்? தப்போ ரைட்டோ, நம்ம இஷ்டத்துக்குப் பேசிட்டுப் போவோம். திருத்துறதே அதிகாரம்தான்’ என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கூட்டத்தில் கைதட்டும் கிடைக்கும். அப்படிச் சொல்கிற தோழர்கள் சிலர் தம் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் தேர்வை 13 மாநில மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று 2021 செப்டம்பரில் நிதி அமைச்சகம் பரிந்துரைத்தது. தமிழும் அதில் உண்டு. நல்லது. ஆனால் முதல்நிலைத் தேர்வில் இங்கிலீஷ் பகுதி அப்படியேதான் இருக்கிறது: 20 நிமிசத்தில் 30 கேள்வி. தப்பு விடைக்குக் கால் மார்க் பிடித்தம். ‘பிழையைக் கண்டுபிடி’ என்கிற கேள்விகளில் சுற்றிச் சுற்றி வருபவை நான் மேலே சொன்ன ஜோடிகள்தான். அரை மார்க்கில் வேலையைத் தவறவிட்டு, செங்கல் சூளைக்குத் திரும்பிப் போன பிள்ளையை எனக்குத் தெரியும். அவன் முகத்துக்கு நேரே நின்று ‘தப்பே கலகம்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தேர்வோடும் இது முடியவில்லை. வங்கிப் பத்திரத்தில் ‘மே’ என்று இருந்தால் செய்யலாம். ‘ஷல்’ என்று இருந்தால் செய்தே ஆக வேண்டும். ‘பாரோயர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டால் கடனாளி. ‘கேரண்டர்’ என்ற கட்டத்தில் போட்டால் அடுத்தவன் கடனுக்கு ஜாமீன். எந்தக் கட்டம் என்று தெரியாமல் சொந்தக்காரனுக்காகக் கைநாட்டு வைத்துவிட்டு, வருசம் கழித்து நோட்டீசைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிற அம்மாக்களைக் கவுண்டரில் பார்த்திருக்கிறேன்.

அரசியல் சட்டத்தையே எடுங்கள். 17ஆம் பிரிவில் தீண்டாமை ஒழிக்கப்பட்டது, தடை செய்யப்பட்டது, தண்டிக்கப்படும் என்று வினைகள் இரும்பு மாதிரி நிற்கின்றன. 16(4)ஆம் பிரிவோ, அரசு வேலையில் இடஒதுக்கீடு செய்வதில் இருந்து அரசை எதுவும் தடுக்காது என்கிறது. தடுக்காது என்பது வேறு, செய்தே தீர வேண்டும் என்பது வேறு. 2020இல் உத்தரகாண்ட் வழக்கில் பதவி உயர்வு இடஒதுக்கீட்டைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த வித்தியாசத்தின் மேல் நின்றுதான். தீர்ப்பு சரியா தப்பா என்பது வேறு சண்டை. அந்தச் சண்டையைப் போடக்கூட அந்த வினை என்ன என்று படிக்கத் தெரிந்த ஆள் நம் பக்கம் வேண்டும். ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923இல் லண்டனில் புத்தகம் போட்ட பாபாசாகேப், ஒரு வினையை எங்கே வைத்தால் எவன் கட்டுப்படுவான் என்று தெரிந்தவர்.

அந்தப் பக்கம் இன்னொரு கட்சி இருக்கிறது: இங்கிலீஷ்தான் விமோசனம் என்பவர்கள். உத்தரப் பிரதேசத்தில் பங்கா என்ற கிராமத்தில் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் கட்ட 2010இல் அடிக்கல் நாட்டினார்கள். அந்தக் கோபமும் ஏக்கமும் எனக்குப் புரிகிறது. நமக்குக் கதவடைத்த மொழிகளுக்குக் கொடுத்த செருப்படி அது. ஆனாலும் சாமி வேண்டாம் என்று தோன்றுகிறது. சாமியாக்கினால் பூசாரி வந்துவிடுவான். தப்பாக மந்திரம் சொன்னவனை வெளியே நிறுத்துவான். இங்கிலீஷ் எனக்கு மண்வெட்டி. தேவை, கூராக இருக்க வேண்டும், பிடித்துப் பழக வேண்டும். கும்பிட வேண்டியதில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பட்டியல் மனப்பாடம் கிடையாது. ‘ஸே’, ‘டெல்’ என்றால் ஒரு பிள்ளை எழுந்து இன்னொரு பிள்ளையிடம் ஊர்ச் சேதி சொல்ல வேண்டும். ஆளை உடனே பக்கத்தில் சேர்த்துக்கொள்வது ‘டெல்’: ‘டெல் ஹெர்’. ஆள் இல்லாமலே நிற்பது ‘ஸே’. ஆள் வேண்டுமானால் ‘டு’ போட்டுக் கூப்பிட வேண்டும். ‘லெண்ட்’, ‘பாரோ’ என்றால் ஒரு பேனாவைக் கை மாற்றி மாற்றிக் கொடுத்து, கொடுக்கிறவன் ஒரு வாக்கியம், வாங்குகிறவன் ஒரு வாக்கியம். தமிழில் எந்த வினை, அதற்கு இங்கிலீஷில் எத்தனை சாவி என்று பிள்ளைகளே சுவரில் எழுதிக்கொண்டே போகிறார்கள். ‘போடு’ என்ற சொல்லுக்கு மட்டும் சுவர் பத்தவில்லை: சட்டை போடு, லைட்டைப் போடு, சோறு போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு, ஓட்டுப் போடு. ஒரே ஒரு விதிதான் கறாராக வைத்திருக்கிறோம். தப்பைத் திருத்தலாம். சிரிக்கக் கூடாது. சிரித்தால் அடுத்த வாக்கியம் சிரித்தவன் சொல்ல வேண்டும்.

அந்த விதியை வைக்க எனக்கு யோக்கியதை இல்லை என்பதால்தான் பெரியவரைத் தேடிப் போனேன். அடுத்த ஊர்க் காலனி. பேரன் வீட்டில் இருந்தான். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்றேன். வங்கிப் படிவங்கள் தமிழிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ‘தமிழ்ல எழுதினா மதிக்க மாட்டாங்கண்ணா’ என்றான். அவன் சொல்வதும் பொய்யில்லை. அப்படியானால் இரண்டிலும் எழுதுவோம் என்று உட்கார்ந்தோம். ‘பாரோ’ என்று அவனே திருத்தினான். பெரியவரிடம், ‘அன்னைக்கு நானும் சிரிச்சேங்கய்யா’ என்றேன். ‘தெரியும் தம்பி, பாத்தேன்’ என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. டீ போடச் சொன்னார்.

டீ வரும்வரை அவருடைய பாஸ் புத்தகத்தைப் புரட்டினேன். நூறு நாள் வேலைக் கூலியும் ஆடு விற்ற காசும் சேர்ந்து எங்கள் கிளையில்தான் கிடந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் வருசக்கணக்காக எடுக்காத காசு. அப்போதுதான் வங்கிப் பயிற்சியில் படித்த ஒன்று மண்டையில் அடித்தது. 1848இல் ஃபோலி எதிர் ஹில் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்புச் சொன்னது. வாடிக்கையாளன் வங்கியில் போடுகிற பணம் வங்கிக்கு அவன் கொடுத்த கடன். வங்கி கடனாளி, அவன் கடன் கொடுத்தவன். இன்றுவரை வங்கிச் சட்டத்தின் அஸ்திவாரம் அதுதான்.

ஆக, பெரியவர் எங்கள் வங்கிக்குக் கடன் கொடுத்தவர்தான். ‘லெண்டர்’தான். அவரும் அவர் மாதிரி லட்சக்கணக்கான பேரும் போட்டு வைத்த காசைத்தான் நாங்கள் பெரிய கம்பெனிகளுக்குத் தூக்கிக் கொடுக்கிறோம். ஆனால் எந்தப் படிவத்திலும் அவருக்கு அந்தப் பேர் இல்லை. பணம் போடும்போது ‘டெபாசிட்டர்’. கடன் கேட்டு வரும்போது ‘பாரோயர்’. ‘லெண்டர்’ என்ற சொல்லை வங்கி தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது. எவன் கொடுக்கிறான், எவன் வாங்குகிறான் என்பதை வினைச்சொல் தீர்மானிக்கவில்லை. வினைச்சொல்லை எவன் வைத்திருக்கிறானோ அவன் தீர்மானிக்கிறான். சேர் எடுத்துப் போடுங்கப்பா என்று அந்த அதிகாரி கிண்டலாகச் சொன்னார். உண்மையிலேயே போட்டிருக்க வேண்டிய சேர் அது.

பேரனிடம் இதைச் சொன்னேன். முதலில் சிரித்தான், பிறகு, ‘அப்ப நான் எழுதினது தப்பில்லையாண்ணா?’ என்றான். ‘தப்புதான், பரீட்சையில் மார்க் போயிடும்’ என்றேன். ‘ஆனா உண்மை.’

பாபாசாகேப் கொடுத்த மூன்று கட்டளைகளில் முதலாவதைத் தமிழில் ‘கற்பி’ என்று எழுதி வைத்திருக்கிறோம். நிறையப் பேர் அதைக் ‘கல்’ என்றே புரிந்துகொண்டு, படித்தோம், வேலைக்குப் போனோம், கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தோம் என்று முடித்துக்கொள்கிறோம். அது தன்வினை இல்லை, தோழர்களே. பிறவினை. ‘லேர்ன்’ இல்லை, ‘எஜுகேட்’. எதிரே இன்னொரு ஆள் இல்லாமல் அந்த வினை முடியாது. நாம் அதிகம் குழப்பிக்கொண்ட வினைச்சொல் அதுதான்.

அடுத்த ஞாயிறு முதல் அந்தப் பேரனும் வகுப்புக்கு வருகிறான். படிக்க அல்ல. சின்னப் பிள்ளைகளுக்கு ‘லெண்ட்’, ‘பாரோ’ பாடம் அவன்தான் எடுக்கிறான்.